தட்டு மாற்றும்போதே தொடங்கிவிடும் கல்யாணம்

கல்யாணப் படம் எடுத்து எடுத்து அலுத்துப்போகவில்லையா என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். முகூர்த்தத்துக்கு வர வேண்டாம், ரிசப்ஷனுக்கும் வர வேண்டாம். ஒரு நிச்சயதார்த்தத்துக்கு என்னோடு வாருங்கள். பெண் வீட்டுக் கூடத்தில் ஜமக்காளம் விரித்திருப்பார்கள். ஒரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார், எதிர்ப்பக்கம் பெண் வீட்டார், நடுவில் தாம்பாளங்கள். எல்லோரும் கொஞ்சம் விறைப்பாகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். லக்னப் பத்திரிகை வாசிக்கத் தொடங்குவார்கள். இன்ன ஊர், இன்னாருடைய பேத்தி, இன்னாருடைய மகள் என்று வரிசையாக வரும். தன் பெயர் வரும்போது தாத்தா துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்வார். தட்டு மாறும். அவ்வளவுதான், கூடமே இளகிவிடும். அதுவரை புடவை நிறத்தைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த இரண்டு அம்மாக்களும் ஒருவர் கையை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். யாரோ ஒரு சித்தப்பா சம்பந்தமே இல்லாமல் உரக்கச் சிரிப்பார். அந்த இளக்கத்தை லென்ஸ் வழியாகப் பார்க்கிற சந்தோஷத்துக்கு ஈடாக எனக்கு இன்னொன்று கிடைத்ததே இல்லை!

நிச்சயத்தை நான் ஒருபோதும் விட்டுக்கொடுக்காததற்கு இன்னொரு காரணம், அந்தக் குடும்பத்தை நான் படித்துக்கொள்வது அங்கேதான். அப்பா எல்லோர் முன்னாலும் கண்கலங்குகிறவரா, அல்லது பந்தியைப் பார்க்கிறேன் என்று நழுவிவிடுகிறவரா? பெண் சிரிக்கும்போது எந்தப் பக்கம் தலையைச் சாய்க்கிறாள்? மாப்பிள்ளை பதற்றத்தில் தேடுவது யாரை, அம்மாவையா நண்பனையா? கல்யாணத்தன்று மண்டபம் நிறைய ஜனம் இருக்கும், இதையெல்லாம் கவனிக்க நேரமே இருக்காது. கேமராவும் லென்ஸும் இரண்டாவது. எங்கே நிற்பது என்பதுதான் முதலாவது. அது தெரிய வேண்டுமென்றால் அந்த வீட்டு மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும்.

லால்குடிப் பக்கம் ஒரு பெண்ணின் அப்பா. நிச்சயத்தன்று அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. ஆனால் மனசு தளும்பும்போதெல்லாம் கைக்கடிகாரத்தின் பட்டையை அவிழ்த்து அவிழ்த்து மாட்டிக்கொண்டிருந்தார். பத்திரிகை வாசித்தபோது, தட்டு மாறியபோது, மகள் மோதிரம் போட்டுக்கொண்டபோது. அதை நான் மனசில் குறித்துக்கொண்டேன். முகூர்த்தத்தில், கெட்டிமேளம் கேட்டு எல்லாக் கேமராவும் தாலிப் பக்கம் திரும்பியபோது, நான் மணவறையின் ஓரத்தில் தாழ உட்கார்ந்து அவர் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அட்சதை மழையாகக் கொட்டுகிறது, அத்தனை கைகளும் மேலே போகின்றன, ஒரு மனிதரின் விரல்கள் மட்டும் கடிகாரப் பட்டையைத் தேடிக் கீழே போகின்றன. மகள் அந்தப் படத்தைப் பார்த்ததும் “இது எங்க அப்பாதான், இது எங்க அப்பாவேதான்!” என்று கத்தினாள். அவர் முகம் அந்தச் சட்டத்தில் பாதிகூட இல்லை.

கெட்டிமேளம் ஒலிக்கிற அந்தச் சில வினாடிகளைப் பற்றி என்னால் நாள் முழுக்கப் பேச முடியும். வாத்தியார் கையை உயர்த்துவார், தவில் வெடிக்கும், நாதஸ்வரம் உச்சிக்குப் போகும், மண்டபமே எழுந்து நிற்கும். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்றவை நாத்தனார் கை. அந்த நாத்தனாரின் முகத்தைப் பாருங்கள்! தம்பிக்கோ அண்ணனுக்கோ தன் கையால் ஒரு வாழ்க்கையை முடிந்து கொடுக்கிற பெருமையும், முடிச்சு சரியாக விழ வேண்டுமே என்ற கவனமும் சேர்ந்து, நாக்கை லேசாகக் கடித்துக்கொண்டிருப்பாள். பறக்கும் அட்சதையை மணி மணியாக நிறுத்த வேண்டுமென்றால் ஷட்டர் 1/500 வினாடியாவது வேண்டும். வேகத்தைக் குறைத்தால் அரிசி மஞ்சள் கோடுகளாக இழுபடும்; எனக்கு இரண்டுமே பிடிக்கும். ஆனால் மண்டபத்து விளக்குகளையும் கேட்க வேண்டும். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்குகள் அதற்கேற்ப வினாடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது, வேகமான ஷட்டரில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகத் தெரியும். 1/100-க்கு இறங்கினால் பட்டை போய்விடும், அரிசி இழுபடும். அதனால் முதல் நாள் ரிசப்ஷனிலேயே மேடை விளக்கு ஒவ்வொன்றையும் சோதித்து, காலையில் எதை நம்புவது, எதை அணைக்கச் சொல்வது என்று முடிவு செய்துவிடுவேன். மண்டபத்து எலெக்ட்ரீஷியன்களில் எனக்கு எத்தனை நல்ல நண்பர்கள்!

நான் பெண் என்பதால் எனக்குக் கிடைக்கிற இன்னொரு பாக்கியம், மணப்பெண்ணின் அறை. பிரம்ம முகூர்த்தமென்றால் இரண்டரை, மூன்று மணிக்கே அங்கே விளக்கெரியும். ஜடைக்குப் பூ தைத்துக்கொண்டிருப்பார்கள், யாரோ காப்பி நீட்டுவார்கள், பாட்டி ஒரு மூலையில் நகைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கி விழுவார். அம்மா கொசுவத்தை மடித்துச் சொருகுவதற்காக மகளுக்கு முன்னால் மண்டியிட்டு நிமிர்ந்து பார்ப்பாள் பாருங்கள், அந்த ஒரு பார்வைக்காக நான் எந்த ஊருக்கும் எந்த பஸ்ஸிலும் போவேன். மேடையில் எடுக்கிற ஆயிரம் படத்தில் அது கிடைக்காது.

நான் வேலை கற்றுக்கொண்ட ஸ்டுடியோவின் மாடியில் ஒரு மர அலமாரி நிறையப் பழைய நெகட்டிவ் உறைகள் இருந்தன. 120 ரோலில் சதுரச் சட்டமாக எடுத்தால் மொத்தம் 12 படம். ஒரு கல்யாணத்துக்கே இரண்டு ரோல், மிஞ்சினால் மூன்று. யாஷிகாவை மார்போடு அணைத்துக் குனிந்து பார்த்து, மூச்சைப் பிடித்துத்தான் ஒவ்வொன்றையும் அழுத்தியிருப்பார்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ஃபிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள்கூட அந்த அலமாரியில் கிடந்தன. அந்தக் காலத்துப் படங்களில் சிரிப்பில்லை என்று குறைசொல்கிறவர்கள் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை. முகம் கல்லாக இருக்கும். கீழே, சேலை மடிப்புக்குள், பெண்ணின் சுண்டுவிரல் மாப்பிள்ளையின் சுண்டுவிரலைத் தொட்டுக்கொண்டிருக்கும். இப்படிப்பட்ட தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கி வைத்திருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுப் பரணில் கிடக்கிற கல்யாணப் படத்தை ஆவணம் என்று ஒருவர் மதிக்கிறாரே!

பிறகு வீடியோக்காரரின் கண்கூசும் விளக்கு வந்தது, அதன் வெப்பத்தில் மணப்பெண்ணின் பவுடர் வழிந்தது. 2005-இல் வந்த கேனன் 5டி போன்ற கேமராக்களும், பின்னால் வந்த, கண்ணைத் தானே தேடிப்பிடிக்கும் ஃபோகஸும் அந்த விளக்கிலிருந்து எங்களை விடுவித்தன. குத்துவிளக்கு வெளிச்சத்திலேயே ஒரு முகத்தை எடுக்க முடிகிற காலத்தில் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதைவிட அதிர்ஷ்டம் என்ன வேண்டும்?

இனி அவுட்டோர் ஷூட். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் எடுக்கிற படங்கள். மாமல்லபுரம், புதுச்சேரியின் மஞ்சள் சுவர்கள், 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயம், கொடைக்கானல் பைன் காடு எல்லாம் அழகுதான். ஆனால் ஜோடி என்னிடம் வந்து இந்தப் பெயர்களில் ஒன்றைச் சொன்னால் நான் உடனே கேட்பது, நீங்கள் இருவரும் அங்கே போயிருக்கிறீர்களா, அங்கே உங்களுக்கு யாரைத் தெரியும் என்று. தெரியாத ஊரின் அழகுக்கு முன்னால் நிற்கிற ஜோடி விருந்தாளி மாதிரி நிற்கும். தங்கள் இடத்தில் நிற்கிறவர்களுக்குத் தோள் தானாக இறங்கிவிடும்.

தூத்துக்குடியில் ஒரு பெண், செவிலியர். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை பார்த்துப் படிக்க வைத்தவர்கள். எங்கே எடுக்கலாம் என்று கேட்டபோது அவள் தயங்கித் தயங்கித்தான் உப்பளம் என்றாள். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “அங்க என்ன இருக்குன்னு வாரீய? வெறும் உப்புல்லா கெடக்கு!” என்றார். நாங்கள் விடிவதற்குள் போய்விட்டோம். சூரியன் கடல் பக்கம் எழும்பியதும் நடந்ததை எப்படிச் சொல்வேன்! பாத்திகளில் தேங்கிய நீர் முழுக்க இளஞ்சிவப்பு. உப்பு அம்பாரங்கள் ஒவ்வொன்றும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கின்றன. சாதாரணமாக வெளியில் எடுக்கும்போது கண்ணுக்குக் கீழே விழும் நிழலைப் போக்க ஒருவர் வெள்ளை ரிஃப்ளெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அங்கே பூமியே ரிஃப்ளெக்டர். மோவாய்க்கு அடியிலிருந்து ஒளி ஏறி வந்து இருவர் முகத்தையும் கழுவிவிட்டது. கேமராவின் மீட்டர் எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாகவே கணக்கிடும். வெள்ளை உப்பைப் பார்த்தால் வெளிச்சம் அதிகமென்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். அதனால் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் ஏற்றிக்கொண்டே எடுத்தேன். வெயில் ஏறியதும் அந்த உப்பு கண்ணை அறுக்கும். அதில்தான் அவள் அம்மா நாள் முழுக்க நிற்கிறார். மாப்பிள்ளைப் பையன் உப்பு வாரும் நீளக் கோலைக் கேட்டு வாங்கி இழுத்துப் பார்த்தான். அசைக்கக்கூட முடியவில்லை. மாமியாராகப் போகிறவர் சிரித்துக்கொண்டே கோலைத் தன் கையில் வாங்கி, ஒரே இழுப்பில் உப்பைக் கரைக்குக் கொண்டுவந்தார். அந்தப் படம்தான் கல்யாண மண்டப வாசலில் ஆளுயரத்துக்கு நின்றது. வந்தவர்களெல்லாம் அதற்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். “வெறும் உப்பு” என்ற அம்மா, அன்று முழுக்க அந்தப் படத்தின் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

காஞ்சிபுரத்தில் இன்னொரு ஜோடி. மகளின் கூறைப்புடவையை அப்பாவே நெய்துகொண்டிருந்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. கோர்வை நெசவென்றால் உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா. ஒரு பக்கத்துக் கரை நாடாவை எறிய நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் சின்ன வயதில் உட்கார்ந்தவள் இந்தப் பெண்தான். நான் கேட்டேன்: “மாப்பிள்ளையை அங்கே உட்கார வைக்கலாமா ஐயா?” அப்பா ஒரு கணம் யோசித்தார். வீட்டில் எல்லோரும் அவர் வாயையே பார்த்தார்கள். பட்டு இழை, சரிகை, வாரக்கணக்கான உழைப்பு. “உட்காருங்க மாப்ளே. மெதுவா போடுங்க, இழை பேசும், அதைக் கேளுங்க” என்றார். கூரையில் பதித்த கண்ணாடி ஓடு வழியாக ஒரு சதுர வெளிச்சம் தறிமேல் விழுந்துகொண்டிருந்தது. நான் அதைத் தவிர வேறு விளக்கே போடவில்லை. மாமனார் மிதிக்கிறார், மருமகன் நாடாவை எறிகிறார், பெண் இருவருக்கும் பின்னால் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்தன்று அந்தப் புடவையில் அவள் மேடையேறியபோது, கரையில் எந்த இடம் தன் கையால் விழுந்தது என்று மாப்பிள்ளை நண்பர்களுக்குக் காட்டிக்கொண்டே இருந்தார். ஒரு புடவையை இவ்வளவு காதலோடு பார்த்த ஆண்பிள்ளையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எப்படிக் கல்யாணம் செய்துகொள்வது என்பதைத் தாங்களே தீர்மானிக்கிற ஜோடிகள் இப்போது நிறைய வருகிறார்கள். என் கண்ணுக்கு இதைவிடக் குதூகலமான காலம் வேறில்லை. பிளாஸ்டிக் பூவுக்குப் பதில் குருத்தோலைத் தோரணம் கட்டுகிறார்கள். தாம்பூலப் பையில் புத்தகம் வைக்கிறார்கள். கணவனை இழந்த அம்மாவை ஓரத்தில் நிறுத்தாமல் அவர் கையாலேயே தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். அந்த அம்மாக்களைப் படமெடுக்கும்போது என் கை நடுங்காமல் இருக்க நான் எதிலாவது சாய்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் என்னை உலுக்கிய கல்யாணம் ஒன்று உண்டு. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் காது கேட்காது. இருவருமே சைகை மொழியில் பேசுகிறவர்கள். சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ள விரும்பினார்கள். அண்ணா முதல்வராக இருந்தபோது 1967-இல் கொண்டுவந்த சட்டத்தால் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. புரோகிதர் வேண்டியதில்லை. உற்றார், நண்பர்கள் முன்னிலையில், இருவருக்கும் புரிகிற ஏதாவது ஒரு மொழியில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னால் போதும். மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி. அந்த ஜோடிக்குப் புரிகிற மொழி கைகளில் இருந்தது. அவர்கள் உறுதிமொழியைக் கைகளால் எழுதினார்கள்.

நிச்சயத்துக்குப் போயிருந்ததால்தான் என்னால் அந்தக் கல்யாணத்தை எடுக்க முடிந்தது. வாய்ப்பேச்சில் எந்தச் சொல்லில் முகம் மலரும் என்று காது முன்கூட்டியே சொல்லிவிடும். சைகையில் அது கண்ணின் வேலை. ஒவ்வொரு சைகைக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு உண்டு. நடுவில் அழுத்தினால் வெறும் மங்கிய கை. பெண்ணின் தோழி ஒருத்தி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உறுதிமொழியில் வரும் சைகைகளை ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். எது நெஞ்சில் தொடங்குகிறது, எது எதிரிலிருப்பவரை நோக்கி நீள்கிறது, எதில் இருவர் கைகளும் நெருங்கி வரும் என்று எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. இன்னொன்றும் கற்றேன்: சைகை மொழியில் முகமும் பேச்சுதான். புருவம் உயர்வது, உதடு குவிவது எல்லாமே சொல்லின் பகுதி. கையை மட்டும் எடுத்தால் பாதி வாக்கியம்தான் கிடைக்கும். 85 மி.மீ. லென்ஸை வைத்துவிட்டு 35-ஐ எடுத்துக்கொண்டு அருகில் போனேன்.

மாப்பிள்ளை முதலில் சொன்னார். மருதாணியும் கண்ணாடி வளையலுமாகப் பெண்ணின் கைகள் பதில் சொன்னபோது, வளையல் சத்தம் மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்டது, அவர்கள் இருவரைத் தவிர. சொல்லி முடித்ததும், கெட்டிமேளம் வர வேண்டிய இடத்தில், நண்பர்கள் அத்தனை பேரும் எழுந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி விரல்களை அசைத்தார்கள். காது கேளாதோர் கைதட்டுவது அப்படித்தான். அதைப் பார்த்து ஊர்ப் பெரியவர்களும், சமையல்காரர்களும், குழந்தைகளும் கைகளைத் தூக்கினார்கள். நூற்றுக்கணக்கான கைகள் காற்றில் மினுங்குகின்றன, மேலிருந்து பூ விழுகிறது, நடுவில் அந்த இரண்டு பேர் தலையை நிமிர்த்திச் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். தங்களுக்கு முழுசாகக் கேட்கிற ஒரு மங்கல ஒலியை ஊரே எழுப்பித் தருகிறது! நான் அழுதுகொண்டேதான் எடுத்தேன். கண்ணீரில் வியூஃபைண்டர் தெரியாவிட்டாலும் கேமரா கண்களைப் பிடித்துக்கொண்டது.

சடங்கு நிறைந்த கல்யாணங்கள் எனக்குப் பிடிக்காது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொங்கு நாட்டுக் கல்யாணம் என்றால் நான் முதல் நாளே போய் இறங்கிவிடுவேன். மாப்பிள்ளையின் அக்காளோ தங்கையோ மணப்பெண்ணுக்கு இணையாக அலங்கரித்துக்கொண்டு வருகிற இணைச்சீர் இருக்கிறதே, கூடப்பிறந்தவர்களின் பாசத்துக்கு இப்படி ஒரு மேடை வேறெங்கே உண்டு? அருமைக்காரர் நடத்தி வைக்க, மங்கல வாழ்த்தைப் பாடுவார்கள். கம்பர் பாடியது என்று அங்கே சொல்வார்கள். கல்யாணத்தின் ஒவ்வொரு படியையும் வரிசையாகச் சொல்லிப் போகிற பாட்டு அது. செட்டிநாட்டில் கல்யாணம் பல வீடுகளில் இன்றும் சொந்த வளவிலேயே நடக்கிறது. முற்றத்திலிருந்து சரியும் வெளிச்சம், பர்மா தேக்குத் தூண்களின் நிழல், ஆத்தங்குடித் தரையில் அதன் எதிரொளி. கனமான கழுத்திருவை மணப்பெண்ணுக்குப் பூட்டும்போது வீட்டுப் பெரியவர்கள் முகத்தில் தெரிகிற கம்பீரத்துக்கு எந்த விளக்கும் தேவையில்லை. முஸ்லிம் வீட்டு நிக்காஹில் பெண்கள் பகுதிக்குள் என்னை மட்டும் அழைத்துப் போவார்கள். சம்மதம் கேட்டு, அவள் தலையசைத்து, கருகமணி கட்டி முடித்ததும், அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் தோழிகள் ஒரே நேரத்தில் அவிழ்த்துவிடுவார்கள். அந்தப் படங்களில் சில அந்த வீட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றை நான் யாருக்கும் காட்டுவதில்லை, அப்படி நம்பி ஒப்படைக்கிறார்களே என்பதே எனக்குப் பெருமை.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் வளைந்து கொடுப்பதில்லை. தோல் நிறம். கோடாக் நிறுவனம் படம் கழுவும் லேப்களுக்கு அனுப்பிய ‘ஷர்லி கார்டு’ என்ற நிற அட்டைகளில் நெடுங்காலம் வெள்ளைக்காரப் பெண்கள்தான் இருந்தார்கள். அந்தத் தோலுக்கு நிறம் சரியாக வந்தால் போதும் என்று ஃபிலிமும் பிரிண்டும் அமைந்தன. நம் முகங்கள் ஒன்று கறுத்தன, இல்லையென்றால் வெளுத்தன. இன்று கருவி மாறிவிட்டது. நல்ல கறுப்பு நிறத்தின்மேல் மாலை வெயில் சாய்வாகப் படும்போது கன்னத்தெலும்பில் ஒரு பொன் கீற்று ஓடும். மஞ்சள் பூசிய முகத்தில் அது இன்னும் ஆழமாக மின்னும். சிவப்பாக்கித் தாருங்கள் என்று வீட்டார் கேட்டால், நான் எடிட் செய்யாத படத்தையும் வெளுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். மணப்பெண் தன் நிஜ முகத்தின்மேல் விரல் வைத்து “இதுதான் நான்” என்று சொல்கிற கணம் இருக்கிறதே, அதற்காகவே இந்தத் தொழிலுக்கு வந்தேன் போலிருக்கிறது. அந்தப் பெண்களின் அம்மாக்கள் பெரும்பாலும் பேசாமல் தலையாட்டுவார்கள். சிலர், தங்கள் சொந்தக் கல்யாணப் படத்தில் முகத்தில் பூசிய ரோஸ் பவுடரைப் பற்றிச் சொல்லத் தொடங்குவார்கள்.

ஆடியும் மார்கழியும் முகூர்த்தமில்லாத மாதங்கள். அப்போது ஆல்பம் வேலை. ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நூற்றுச் சொச்சம் தேறும். பக்கத்துக்குப் பத்துப் படம் திணிப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு பக்கத்தில் ஒரு படம், சுற்றிலும் வெள்ளை இடம். மண்டபத்துப் பிரம்மாண்டத்தைவிட, பந்தியில் இலைக்கு முன்னால் தூங்கிப்போன குழந்தைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுப்பேன். ஆல்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது வீட்டிலிருக்கிற மூத்த பாட்டியின் மடியில்தான் முதலில் வைப்பேன். அவர்கள் மணமக்களைத் தேட மாட்டார்கள். வராதவர் யார், வந்தவர் யார் என்று ஒவ்வொரு முகமாக விரலால் தடவி, உறவு சொல்லி, நாற்பது வருஷத்துக் கதையை எடுப்பார்கள். நான் காப்பியை ஆறவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வருகிற தை மாதத்துக்கு ஒரு பெண் பேசியிருக்கிறாள். தவில் வாசிக்கிறவள். தன் கல்யாணத்தில், தாலி கட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால், பட்டுப் புடவையோடும் மாலையோடும் குருநாதரின் குழுவோடு உட்கார்ந்து தானும் வாசித்துவிட்டுத்தான் மணவறைக்கு எழுந்து வருவாளாம். மாப்பிள்ளை வீட்டார் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. விரல்களில் கூடு மாட்டிய கையில் மருதாணி எப்படித் தெரியும், வார்போட்ட தவிலுக்கு மேலே மாலை எந்த உயரத்தில் தொங்கும், எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அவள் குருவின் முகமும் சேர்ந்து கிடைக்கும் என்றெல்லாம் கேட்டு அவளைத் துளைத்துக்கொண்டிருக்கிறேன். நிச்சயத்துக்கு முன்பே ஒருநாள் ஒத்திகைக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

“தாராளமா வாங்கக்கா, ரெண்டு காதுக்கும் பஞ்சு எடுத்துக்கிட்டு வாங்க” என்றாள்.